அதிரீனல் சுரப்பியில் இரத்தக் கசிவு

பிறந்து நான்கு நாட்களான ஓர் ஆண் குழந்தையை அதன் அம்மம்மா காலை வெயிலில் பிடித்துக்கொண்டு நின்றார். நாம் வேறோர் அலுவலாக அந்த நலன்புரி நிலையத்துக்குப் போயிருந்தோம். குழந்தைக்குச் செங்கண்மாரி. "இது எல்லாப் பிள்ளையளுக்கும் வாறதுதான். வெயிலிலை காட்டினால் இறங்கிவிடும்" என்றார் அவர். அவர் சொன்னதில் பாதி உண்மை. பிறக்கும் குழந்தைகளில் பாதிக்கு மேற்பட்டவற்றுக்கு முதல் வாரத்தில் தோல் மஞ்சளாகிறது. பெரும்பாலானவற்றுக்கு அது தானாகவே மறைந்தும் விடுகிறது. ஆனால் இந்தக் குழந்தை பால் குடிப்பதற்குக்கூட விழிக்கவில்லை. மஞ்சளையும் மீறி உதட்டின் உட்புறம் வெளிறியிருந்தது. துணியை விலக்கிப் பார்த்தபோது, விதைப்பையின் வலது பக்கம் நாவற்பழம் நசித்துப் பூசியது போல நீலம் பாரித்திருந்தது. "பிரசவத்திலை அடிபட்ட கண்டலாக்கும்" என்று தாய் நினைத்திருந்தார்.

அன்று மாலையே வைத்தியசாலையில் வயிற்றை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். வலப்பக்கச் சிறுநீரகத்துக்கு மேலே இரத்தம் கட்டியாகத் திரண்டிருந்தது. அந்த இரத்தமே கீழ்நோக்கிக் கசிந்து விதைப்பையில் நீலமாகத் தெரிந்திருக்கிறது. உடைந்த அதே இரத்தமே செங்கண்மாரியையும் கூட்டியிருக்கிறது. இரத்தம் கசிந்த இடம் அதிரீனல் சுரப்பி.

இந்தப் பெயரை எமது வாசகர்களில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். சிறுநீரகம், ஈரல், மண்ணீரல் எல்லாம் எமக்குத் தெரியும். ஒவ்வொரு சிறுநீரகத்தின் உச்சியிலும் தொப்பி வைத்தாற்போல இருக்கும் இச்சுரப்பியை யாரும் பேசுவதில்லை. வளர்ந்த மனிதரில் ஒரு சுரப்பியின் நிறை 4 அல்லது 5 கிராம் மட்டுமே. ஆனாலும் அது வேலை செய்யாவிட்டால் மனிதர் உயிர் வாழ முடியாது. இது சுரக்கும் ஓமோன்களில் ஒன்றான கோட்டிசோல், நோய், காயம், பட்டினி, பயம் ஆகிய காலங்களில் இரத்த அழுத்தத்தையும் இரத்தத்திலுள்ள சீனியையும் விழாமல் தாங்கிப் பிடிக்கிறது. இன்னொன்று உடலிலுள்ள உப்பைக் காக்கிறது. திடீரென ஆபத்து வரும்போது நெஞ்சைப் படபடக்கச் செய்யும் அதிரீனலினும் இங்கிருந்துதான் வருகிறது.

தாயின் வயிற்றில் இருக்கும்போது இச்சுரப்பி மிகப் பெரியது. வளர்ந்தவரில் சிறுநீரகத்தின் முப்பதில் ஒரு பங்காக இருக்கும் இது, பிறக்கும் குழந்தையில் சிறுநீரகத்தின் மூன்றில் ஒரு பங்காக இருக்கிறது. பிறந்தபின் சில மாதங்களில் அது சுருங்கிவிடும். அதுவரை அது பெரியதாகவும், மென்மையானதாகவும், இரத்தம் நிறைந்ததாகவும் இருக்கும்.

அதில் ஏன் இரத்தம் கசிகிறது என்பதைக் குளத்துக்குக் கீழே வயல் செய்தவர்களுக்கு விளக்குவது இலகு. மழை காலத்தில் பல ஓடைகள் வந்து விழும் ஒரு குளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அதற்கு ஒரே ஒரு மதகு. மதகு அடைபட்டால், அல்லது ஓடைகளில் ஒரேயடியாக வெள்ளம் பாய்ந்தால், குளக்கட்டு எங்கேயாவது உடைக்கும். அதிரீனல் சுரப்பிக்குள் ஏறக்குறைய 50 மெல்லிய நாடிகள் இரத்தத்தைக் கொண்டுவருகின்றன. வெளியே கொண்டுபோவது ஒரே ஒரு நாளம். உடல் பெரும் அதிர்ச்சிக்கு உள்ளாகும்போது சுரப்பிக்குள் இரத்தம் பல மடங்கு பாய்கிறது. அந்த ஒற்றை நாளத்தால் ஈடுகொடுக்க முடியாமற் போனால் உள்ளே உள்ள நுண்ணிய குழாய்கள் உடைகின்றன. குழந்தையிலும் சரி, பெரியவரிலும் சரி, பெரும்பாலும் நடப்பது இதுதான்.

குழந்தைகளில் பத்துக்கு ஏழு வலப்பக்கச் சுரப்பியிலேயே கசிவு ஏற்படுகிறது. வலப்பக்க நாளம் மிகக் குட்டையானது. அது நேரே உடலின் பெரிய நாளத்தில் போய்ச் சேர்கிறது. பிரசவத்தில் குழந்தையின் வயிறு நெரிபடும்போது ஈரலுக்கும் முள்ளந்தண்டுக்கும் இடையில் அகப்படுவதும் வலப்பக்கச் சுரப்பியே. பத்தில் ஒன்றில் அல்லது அதிலும் குறைவாக, இரு பக்கமும் கசிவு ஏற்படுகிறது.

எந்தக் குழந்தைகளுக்கு இந்த ஆபத்துக் கூட? 4 கிலோவுக்கு மேற்பட்ட பெரிய குழந்தைகள், கர்ப்பகாலத்தில் நீரிழிவு இருந்த தாய்மாரின் குழந்தைகள், தோள் சிக்கியோ ஆயுதம் போட்டோ கஷ்டப்பட்டுப் பிறந்தவை, பிறந்தவுடன் மூச்சுத் திணறியவை, கிருமித்தொற்று உள்ளவை. நாம் முன்னே சொன்ன குழந்தையின் தாய்க்குக் கர்ப்பத்தில் சீனி இருந்திருக்கிறது. இடம்பெயர்ந்து வந்தபின் கிளினிக்குக்குப் போவது இரண்டு மாதம் தவறிப்போயிற்று. குழந்தை 4 கிலோ 300 கிராம். இதில் தாயைக் குறைசொல்ல எமக்கு மனம் வரவில்லை. புது இடத்தில் கிளினிக் எந்தக் கிழமை, எங்கே என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. முகாமிலோ உறவினர் வீட்டிலோ ஒரு கர்ப்பிணி வந்து சேர்ந்தால், அந்தப் பகுதிக் குடும்பநல மாதுவுக்கு முதல் வாரமே தகவல் கொடுப்பது பக்கத்தில் இருப்பவர்கள் செய்யக்கூடிய காரியம்.

இங்கே இன்னொன்று. பிறந்தவுடன் குழந்தையின் தொடையில் விற்றமின் கே ஊசி போடுவார்கள். இரத்தம் உறைவதற்கு அது தேவை. வைத்தியசாலையில் பிறக்கும் குழந்தைக்கு அது தவறாது. போகும் வழியிலோ வீட்டிலோ பிறந்துவிட்டால் தவறிவிடும். அப்படிப் பிறந்த குழந்தையைத் தாய் நலமாக இருந்தாலும் உடனே கொண்டுபோய், "ஊசி போடவில்லை" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

குழந்தையில் எதைப் பார்ப்பது?

பல குழந்தைகளில் இக்கசிவு ஒரு அடையாளமும் காட்டாமல் வந்து போய்விடும். அடையாளம் காட்டினால் அது பெரும்பாலும் இரண்டாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் தெரியும். முதலாவது செங்கண்மாரி. மஞ்சளாக இருக்கிறதா என்று பார்க்கக் குழந்தையை வெளிச்சத்தில் வைத்து, நெற்றியிலும் நெஞ்சிலும் விரலால் மெல்ல அழுத்தி எடுத்து, அந்த இடம் என்ன நிறமாகிறது என்று பாருங்கள். பிறந்த 24 மணித்தியாலத்துக்குள் மஞ்சள் தெரிந்தால் அது எப்போதும் வைத்தியசாலைக்குரிய விடயம். உள்ளங்கை, உள்ளங்கால் வரை மஞ்சள் இறங்கினாலும் அப்படியே. மஞ்சளோடு குழந்தை வெளிறியும் இருந்தால் உள்ளே எங்கோ இரத்தம் போகிறது என்று சந்தேகிக்க வேண்டும். 3 கிலோ குழந்தையின் உடலில் இருக்கும் இரத்தம் முழுவதுமே ஏறக்குறைய கால் லீற்றர்தான். ஆகவே பெரியவருக்கு ஒன்றுமே இல்லாத சில மேசைக்கரண்டி இரத்தம் குழந்தைக்குப் பெரிய இழப்பு.

பால் குடிக்க மறுத்தல், தூங்கி வழிதல், வாந்தி, வயிற்றின் ஒரு பக்கம் தடிப்பு, ஆண் குழந்தையின் விதைப்பையில் வீக்கம் அல்லது நீலம் என்பன மற்ற அடையாளங்கள். தடிப்பு இருக்கிறதா என்று ஆளுக்கு ஆள் வயிற்றை அமத்திப் பார்க்கக் கூடாது. விதைப்பை நீலத்தை விதை முறுக்கிக்கொண்டது என்று எண்ணித் தேவையில்லாமல் வெட்டிய சம்பவங்களும் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன. ஆகவே பிரசவம் கஷ்டமானது என்பதை வைத்தியரிடம் சொல்ல மறவாதீர்கள். அந்த ஒரு சொல் வயிற்றையும் ஸ்கேன் பண்ண வைக்கும்.

வெயிலில் காட்டுவது பற்றிப் பலர் எம்மிடம் கேட்கிறார்கள். வைத்தியசாலையில் வைக்கும் நீல ஒளி அளவிடப்பட்ட ஒளி. வெயிலை அளக்க முடியாது. அதில் குழந்தையின் உடல் சூடேறும், நீர் வற்றும், நேரமும் வீணாகும். மஞ்சள் நிறப்பொருள் அளவுக்கு மிஞ்சினால் மூளையைத் தாக்கிக் காது கேளாமையும் கைகால் விறைப்பும் வாழ்நாள் முழுவதும் நிலைத்துவிடலாம். கைமருந்தும் வேண்டாம்.

ஸ்கேனில் கட்டி தெரிந்தவுடன் பெற்றோர் கலங்கிவிடுகிறார்கள். பெரும்பாலும் சத்திரசிகிச்சை வேண்டியதில்லை. ஒளிச் சிகிச்சை, தேவையானால் இரத்தம் ஏற்றுதல், கவனித்திருத்தல், இவ்வளவுதான். கட்டி சில வாரங்களில் சுருங்கும். ஆனால் வேறொரு நோயும் இதே இடத்தில் இதே தோற்றத்தில் வரும். அது நியூரோபிளாஸ்ரோமா என்னும் குழந்தைப் புற்றுநோய். முதல் ஸ்கேனில் இரண்டையும் பிரித்தறிவது எப்போதும் சாத்தியமல்ல. பிரித்துக் காட்டுவது காலம்: இரத்தக் கட்டி சுருங்கும், புற்று சுருங்காமல் நிற்கும் அல்லது வளரும். அதனால்தான் சில வாரங்களின் பின் மீண்டும் வரச் சொல்கிறார்கள். குழந்தை நன்றாகப் பால் குடிக்கிறதே, எதற்கு இன்னொரு முறை பஸ்ஸுக்குக் காசு என்று நின்றுவிடுவது இங்கேதான் ஆபத்தாகிறது. இடம் மாறிப்போனால் புதிய இடத்து வைத்தியசாலையிலும் இந்த ஸ்கேனைச் செய்யலாம். பழைய நோய் நிர்ணய அட்டை கையில் இருந்தாற் போதும்.

எமது அம்மம்மாவின் பேரன் ஆறாவது வாரம் போனபோது கட்டி பாதிக்கும் குறைவாகிவிட்டது. மூன்றாம் மாதம் சுரப்பி இருந்த இடத்தில் சுண்ணாம்புபோல ஒரு சிறு வெள்ளைத் தழும்பு மட்டும். அது இனி எப்போதாவது எக்ஸ்றேயில் தெரிந்து யாரையாவது பயமுறுத்தலாம். குழந்தைக்கு அதனால் தீங்கில்லை. ஒரு சுரப்பி நல்லாயிருந்தாலே உடலுக்குப் போதும். இரண்டிலும் கசிந்து, சுரப்பித் திசுவில் பத்தில் ஒன்பது பங்கு அழிந்தால்தான் ஓமோன் பற்றாக்குறை வரும். அப்படியான குழந்தைக்குச் சீனி விழும், இரத்த அழுத்தம் விழும், வாந்தி நிற்காது. அதற்கு உடனே ஹைட்ரோகோட்டிசோன் ஊசி வேண்டும்.

பெரியவர்களில்

பெரியவர்களில் இது அபூர்வம். ஆனால் வந்தால் கண்டுபிடிப்பது இன்னும் கடினம், ஏனெனில் எப்போதும் வேறொரு பெரிய வருத்தத்தின் நிழலிலேயே வருகிறது. கடும் கிருமித்தொற்று, பெரிய சத்திரசிகிச்சை, தீக்காயம், வாகன விபத்து ஆகியவற்றின் பின்னும், இரத்தம் உறையாமலிருக்க ஹெப்பரின், வார்பரின் போன்ற மருந்து பெறுபவர்களிலும் இது வரலாம். விபத்தில் பெரும்பாலும் ஒரு பக்கமே கசியும். தொற்றிலும் மருந்தினாலும் இரு பக்கமும் கசியக்கூடும். மேல் வயிற்றில், விலாவில் அல்லது முதுகில் திடீர் நோ, காய்ச்சல், வாந்தி, சொல்ல முடியாத களைப்பு, பிறகு மயக்கம். சேலைன் மேல் சேலைன் ஏற்றியும் இரத்த அழுத்தம் ஏறாமல் நிற்பதுதான் வைத்தியரை இந்தச் சுரப்பியின் பக்கம் திரும்ப வைக்கும் அடையாளம். இரு பக்கமும் அழிந்துவிட்டால் 100 மில்லிகிராம் ஹைட்ரோகோட்டிசோன் ஊசி உயிரைக் காக்கும். பரிசோதனை முடிவு வரும்வரை அதற்குக் காத்திருப்பதில்லை. இதய வால்வு மாற்றி வார்பரின் எடுப்பவர்கள் இதை வாசித்துவிட்டுக் குளிசையை நிறுத்திவிட வேண்டாம். அது இதைவிடப் பெரிய ஆபத்து. இரத்தப் பரிசோதனையைத் தவறவிடாமல் செய்வதே அவர்களுக்கான வழி.

தொற்றுக்களில் மிகக் கொடியது மெனிங்கோகொக்கஸ் என்னும் பக்ரீரியா இரத்தத்தில் பரவுவது. இங்கிலாந்தின் றூபேட் வோட்டர்ஹவுஸ் 1911 இலும், டென்மார்க்கின் கார்ள் பிறீடெரிக்சன் 1918 இலும் இதில் சுரப்பிகள் இரண்டிலும் இரத்தம் பெருகுவதை எழுதினார்கள். அவர்கள் இருவரின் பெயராலேயே அந்நிலை இன்றும் அழைக்கப்படுகிறது. காலையில் காய்ச்சல் என்று படுத்த பிள்ளை இரவுக்குள் இறந்துபோகக்கூடிய வேகம் இதற்கு உண்டு. நெருக்கமாகப் பலர் உறங்கும் கட்டிடங்களில் இக்கிருமி இலகுவாகப் பரவும் என்பதால் முகாம்களில் இருப்போர் ஓர் அடையாளத்தைக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும்: காய்ச்சலோடு தோலில் சிவப்பு அல்லது கருநீலப் புள்ளிகள். கண்ணாடிக் குவளையின் பக்கத்தைப் புள்ளிமேல் வைத்து அழுத்துங்கள். சாதாரண தடிப்பு மங்கும். தோலுக்குள் கசிந்த இரத்தம் மங்காது. எம்மைப் போன்ற கறுத்த தோலில் உள்ளங்கை, உள்ளங்கால், கண் இமையின் உட்புறம், வாய்க்குள் பார்க்க வேண்டும். மங்காத புள்ளி ஒன்றைக் கண்டாலும் விடியும்வரை பார்த்திருக்கக் கூடாது. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

வயலில் வேலை செய்வோருக்கு இன்னொரு வழியாலும் இந்தச் சுரப்பி கெடலாம். கண்ணாடி விரியனை, சில ஊர்களில் புடையன் என்பார்கள், எமக்கு நன்றாகத் தெரியும். அதன் விஷம் இரத்தத்தை உறையவிடாது. பர்மாவின் நெல் விவசாயிகளில் இப்பாம்பு கடித்தவர்கள் சிலருக்கு மூளைக்குக் கீழே உள்ள கபச்சுரப்பியில் இரத்தம் கசிந்து அது செயலிழந்ததை 1987 இல் மருத்துவர்கள் விபரமாக எழுதினார்கள். அதிரீனலை வேலை செய்யச் சொல்லிக் கட்டளை இடுவது கபச்சுரப்பி. கட்டளை நின்றால் அதிரீனல் நலமாக இருந்தும் சும்மா இருந்துவிடும். இலங்கையில் இவ்வாறான முதல் நோயாளி பற்றிய மருத்துவ அறிக்கை 2011 இல் வெளிவந்தது. விஷமுறிவு மருந்தினால் பிழைத்து வீடு வந்த ஒருவர் மாதங்களாகியும், சிலவேளை வருடங்களாகியும் எழுந்து நடக்கச் சத்தில்லாமல், உடல் உரோமம் உதிர்ந்து, பெண்ணாயின் மாதவிடாய் நின்று இருந்தால், அதைச் சோம்பல் என்றோ மனக்கவலை என்றோ ஒதுக்காமல் "எனக்கு முன்பு விரியன் கடித்தது" என்று வைத்தியரிடம் சொல்ல வேண்டும்.

அதிரீனலே இரு பக்கமும் அழிந்தவரில் வேறொரு அடையாளம் உண்டு. தோல் கறுக்கும், உப்பில் ஆசை கூடும். 1855 இல் இலண்டன் வைத்தியர் தோமஸ் அடிசன் எழுதிய நோய் இது. நாள் முழுக்க வெயிலில் நிற்பவர் கறுத்தால் யார் கவனிக்கப்போகிறார்கள்? ஆகவே வெயில் படாத இடங்களைப் பாருங்கள்: முரசு, உள்ளங்கை ரேகைகள், பழைய தழும்பு.

பிழைத்தபின்

இரு சுரப்பியும் போனவர் நாளாந்தம் ஹைட்ரோகோட்டிசோன் குளிசை எடுத்தால் ஏர் பிடிக்கலாம், பிள்ளை பெறலாம், முதுமை அடையலாம். ஆனால் ஒருநாளும் நிறுத்த முடியாது. எமக்குத் தெரிந்த கமக்காரர் ஒருவருக்குப் பெரிய சத்திரசிகிச்சை ஒன்றின் பின் இரு பக்கமும் கசிந்தது. 2024 நவம்பர் கடைசியில் வடக்கிலும் கிழக்கிலும் வெள்ளம் பெருகியபோது, கழுத்தளவு தண்ணீரில் பேரப்பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பாடசாலை ஒன்றுக்கு வந்து சேர்ந்தார். குளிசை வீட்டு வளையில் ஒரு தகரப் பேணிக்குள். இரண்டாம் நாள் வாந்தி. எல்லோரும் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள். மூன்றாம் நாள் அவரால் எழும்ப முடியவில்லை. வைத்தியசாலையில் மூன்று போத்தல் சேலைன் ஏறியும் முன்னேற்றமில்லை. இரவுக் கடமைக்கு வந்த தாதி, மனைவியிடம் கேட்டார்: "அம்மா, ஐயா வழக்கமா ஏதும் குளிசை போடுறவரே?" "சின்ன வெள்ளைக் குளிசை பிள்ளை, மூன்று நேரம்." ஊசி போட்டு விடிவதற்குள் அவர் எழுந்திருந்து தேநீர் கேட்டாராம். மூன்று நாட்களாக அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. "எல்லாரும் கஷ்டத்திலை நிக்கேக்கை என்ரை குளிசைக் கதையை எப்பிடிச் சொல்லுறது" என்று பிறகு எம்மிடம் சொன்னார்.

அமெரிக்க ஜனாதிபதி கென்னடிக்கும் அதிரீனல் செயலிழந்த நோய் இருந்தது. இரத்தக் கசிவினால் அல்ல, வேறு காரணத்தால். 1947 இல் இலண்டனில் கண்டுபிடிக்கப்பட்டது. அவர் போகும் நாடுகளின் வங்கிப் பெட்டகங்களில் அவரது மருந்து முன்கூட்டியே வைக்கப்பட்டிருந்ததாக வாழ்க்கை வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். எமக்குப் பெட்டகம் வேண்டாம். அடையாள அட்டை எந்தப் பைக்குள் இருக்கிறதோ, அதே பைக்குள் தண்ணீர் புகாத பொலித்தீனில் இரண்டு கிழமைக்குக் காணும் குளிசை இருக்கட்டும். வீட்டில் ஒருவருக்கேனும் அது எங்கே என்று தெரிந்திருக்கட்டும். காய்ச்சல் வந்தால் வைத்தியர் எழுதித் தந்தபடி அளவை இரட்டிப்பாக்க வேண்டும். குளிசை வாந்தியில் போனால் மீண்டும் ஒருமுறை கொடுத்துப் பார்த்து, அதுவும் போனால் தாமதமின்றி ஊசிக்காக வைத்தியசாலைக்குப் போக வேண்டும். ஆஸ்துமாவுக்கோ மூட்டுவாதத்துக்கோ நெடுங்காலம் பிரெட்னிசொலோன் எடுப்போரின் சுரப்பியும் தூங்கிப்போயிருக்கும். திடீரென நிறுத்தினால் அவர்களுக்கும் இதே கதி வரலாம்.

பைக்குள் ஒரு துண்டும் வைக்கச் சொல்கிறோம். மயங்கிக் கிடப்பவரால் பேச முடியாது, கூட வருபவர் புதியவராகவும் இருக்கலாம். தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதித் தரும்படி வைத்தியரிடமோ கிளினிக் தாதியிடமோ கேளுங்கள். அதில் இருக்க வேண்டியது இவ்வளவுதான்: "எனது இரு அதிரீனல் சுரப்பிகளும் வேலை செய்வதில்லை. நான் நாளாந்தம் ஹைட்ரோகோட்டிசோன் எடுப்பவர். நான் மயக்கமாகவோ வாந்தியாகவோ இருந்தால் உடனே 100 மில்லிகிராம் ஹைட்ரோகோட்டிசோன் ஊசி போடவும்." கீழே பெயர், வைத்தியசாலை, கிளினிக் இலக்கம்.